திரைக்கு உள்ளே

இன்டர்நெட்டில் உலவுகிறவர்கள் எல்லாரும் இந்த இரண்டில் ஒன்றை எப்போதாவது பார்த்திருப்பீர்கள். ஒன்று, வெள்ளைத் திரையில் கன்னாபின்னாவென்று இங்கிலீஷ். 'ஃபேட்டல் எரர்' என்று ஆரம்பித்து, நடுவில் ஏழெட்டுச் சாய்வுக் கோடுகள் போட்ட நீளமான விலாசம், கடைசியில் 'ஆன் லைன் 214'. மற்றது அழகான பொம்மை. பிடுங்கின பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிற ஒரு ரோபோ. கீழே 'ஊப்ஸ்! ஏதோ தவறு நடந்துவிட்டது. சற்று நேரம் கழித்து முயலவும்.'

இரண்டும் சொல்வது ஒன்றுதான். புரோகிராம் தடுக்கி விழுந்துவிட்டது. முதலாமவர் விழுந்த இடத்திலேயே கிடந்து, எந்தக் கல், எந்தக் கால், சட்டைப் பையில் என்னென்ன இருந்தது என்று தெருவுக்கே அறிவிக்கிறார். இரண்டாமவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, எதுவுமே நடக்காத மாதிரி சிரிக்கிறார்.

இதில் யார் யோக்கியர்?

கேள்வி சில்லறையாகத் தெரியலாம். வெப்சைட் செய்கிறவர்களுக்கு இதில் சந்தேகமே கிடையாது. இன்டர்நெட்டில் ஏராளமான தளங்கள் பி.ஹெச்.பி. என்கிற மொழியில் ஓடுகின்றன. அதோடு இரண்டு மாதிரி செட்டிங் கோப்புகள் வருகின்றன. வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்க்கும்போது வைத்துக்கொள்ள ஒன்று, கடை திறந்தபிறகு ஒன்று. முதலாவதில் 'பிழைகளைக் காட்டு' ஆன். இரண்டாவதில் ஆஃப். 'பிழைகளை எழுதி வை' என்பது மட்டும் இரண்டிலுமே ஆன். அதாவது, ஊருக்குச் சொல்லாதே, டைரியில் எழுது. இதுதான் அந்தத் தொழிலின் சம்பிரதாயம்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடை. அதற்கு வெப்சைட் போட்டுக் கொடுத்த இளைஞருக்கு மாகறல் பக்கம் வீடு, அப்பா தறி நெய்கிறவர். ஆவணி முகூர்த்த சீஸன் உச்சத்தில் இருக்கும்போது ஒரு நாள் காலை, கடையின் முதல் பக்கத்தில் பட்டுப் புடவைக்குப் பதிலாக பத்து வரி எரர் வந்து நின்றுவிட்டது. டேட்டாபேஸின் பெயர், அதற்குள் நுழைகிற யூஸர் பெயர், ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்கிற விலாசம் எல்லாம் ஜாபிதா மாதிரி. முதலாளி போனில் கூப்பிட்டிருக்கிறார். "தம்பி, நம்ம கடை வாசல்ல எவனோ இங்கிலீஷ்ல திட்டி எழுதிட்டுப் போயிருக்கான்ப்பா. சீக்கிரம் வந்து அழி."

பையன் அழித்துவிட்டார். அதாவது, மேலே சொன்ன 'பிழைகளைக் காட்டு'வை ஆஃப் செய்தார். பத்து வரி போய் வெறும் வெள்ளைப் பக்கம் வந்தது. முதலாளிக்குப் பரம திருப்தி. ராத்திரி வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா கேட்டாராம்: "சரிடா, தப்பை மறைச்சியா, தப்பை எடுத்தியா?"

தறிக்காரர் இதைக் கேட்க உரிமையுள்ளவர். பாவில் ஓர் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுத்தான் மேலே நெய்ய முடியும். முடிச்சு புடவையின் உள்பக்கம் போகும். ஜரிகைப் பூ வேலையில் இழைகள் ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற இடமெல்லாம் உள்பக்கத்தில்தான் தெரியும். வெளிப்பக்கம் பார்க்கிறவருக்கு, உள்பக்கம் தெரிந்தவருக்கு. விவரமான பாட்டிகள் கடையில் புடவையை வாங்கினதும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார்கள். கடைக்காரர் தடுக்க மாட்டார். தடுத்தால் வியாபாரம் ஆகாது.

மறைக்கச் சொல்கிற காரணங்களை முதலில் பார்த்துவிடலாம். அவை சாதாரணக் காரணங்கள் இல்லை.

1990-களின் கடைசியில் வெப்சைட்டுகளுக்குள் புகுந்தவர்களில் பலர் கன்னக்கோல் எதுவும் கொண்டுபோகவில்லை. லாகின் கட்டத்தில் பெயருக்குப் பதிலாக ஓர் ஒற்றை மேற்கோள் குறியைப் போடுவார்கள். தளம் குழம்பி எரர் சொல்லும். அந்த எரரில் டேபிளின் பெயர் இருக்கும். இன்னொன்றைப் போட்டால் அதற்குள் இருக்கிற காலத்தின் பெயர். இப்படியே கேட்டுக் கேட்டு, வீட்டுக்காரர் வாயாலேயே பீரோ எங்கே, சாவி எங்கே என்று தெரிந்துகொள்வார்கள்.

2010 செப்டம்பரில் நடந்தது இன்னும் நுட்பமானது. ஜூலியானோ ரிஸ்ஸோ, தாய் துவாங் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள், மைக்ரோஸாஃப்டின் ஏ.எஸ்.பி. டாட் நெட்டில் செய்த தளங்களின் ரகசியக் குறியீட்டை உடைத்துக் காட்டினார்கள். தளம் எந்த ரகசியத்தையும் வெளியே சொல்லவில்லை. தப்பான குறியீட்டை அனுப்பினால் ஒரு விதமான எரர், வேறு விதமாகத் தப்பான குறியீட்டை அனுப்பினால் வேறு விதமான எரர். இந்த வித்தியாசமே போதுமானதாக இருந்தது. பூட்டுக்குள் கம்பியை விட்டு ஆட்டும்போது பூட்டே 'முதல் பல் சரி, இரண்டாவது பல் தப்பு' என்று முனகினால் எப்படி இருக்கும், அப்படி. மருந்து தயாராகிற வரைக்கும் மைக்ரோஸாஃப்ட் சொன்ன தற்காலிக வைத்தியம்: எந்தத் தப்பு நடந்தாலும் ஒரே பக்கத்தைக் காட்டுங்கள். எல்லாத் துக்கத்துக்கும் ஒரே முகம்.

'யூஸர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு' என்று பாங்க் தளம் மழுப்பலாகச் சொல்லும்போது எரிச்சல் வருகிறது இல்லையா? எது தப்பு என்று சொல்லித் தொலைந்தால் என்ன என்று தோன்றும். சொன்னால், இந்தப் பெயரில் இங்கே ஒருவர் கணக்கு வைத்திருக்கிறார் என்று கண்டவனுக்கும் தெரிந்துவிடும். மழுப்பல் உங்களைக் காப்பாற்றத்தான்.

2015-ல் பேட்ரியான் என்கிற அமெரிக்கத் தளத்தில், சோதனைக்காக வைத்திருந்த நகல் ஒன்று, பிழை திருத்தும் கருவியோடு பொதுவெளியில் திறந்து கிடந்தது. 20 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் இமெயில் விலாசங்கள் வெளியே போயின. ஆகவே திரை வேண்டும். இதில் விவாதம் இல்லை.

திரை என்றதும் மாகறல் கோயில் ஞாபகம் வருகிறது. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். திருஞானசம்பந்தர் பாடின தலம். மன்னன் துரத்தின பொன் உடும்பு புற்றுக்குள் ஒளிந்துகொண்டதாகவும், புற்றை இடித்தபோது ரத்தம் பெருகி அங்கே ஈசன் வெளிப்பட்டதாகவும் தலபுராணம். எல்லா இடத்தையும் தோண்டித்தான் பார்ப்பேன் என்கிற ராஜாக்களுக்கு அந்தக் காலத்திலேயே ஒரு குட்டு.

எந்தக் கோயிலிலும் அலங்காரம் நடக்கும்போது திரை போடுவார்கள். வெளியே நிற்கிற யாரும் தன்னை ஏமாற்றிவிட்டதாக நினைப்பதில்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். திரை இருக்கிறது என்பதை யாரும் மறைப்பதில்லை. உள்ளே ஒருவர் வேலையாக இருக்கிறார், விலகப் போகிறது என்று மணிச் சத்தம் சொல்லிவிடும். கும்பாபிஷேகத் திருப்பணி என்றால் இன்னும் ஒழுங்கு. பாலாலயம் செய்து, மூலவருக்குப் பதிலாக இங்கே கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்று ஓர் இடம் காட்டிவிட்டுத்தான் கருவறையில் கை வைப்பார்கள். வெப்சைட்காரர்கள் 'அண்டர் மெயின்டெனன்ஸ்' என்று பலகை மாட்டுகிறார்களே, அது பாலாலயத்தில் பாதிதான். மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மாற்று இடத்தைக் காட்டுவதில்லை.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் பச்சையாகக் காட்டுகிறவர்தான் உண்மை விளம்பியா? அதுவும் இல்லை. தெராக்-25 கதையைக் கேளுங்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கிற கம்ப்யூட்டர் மெஷின். 1985-லிருந்து 1987-க்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு அளவுக்கு மிஞ்சிக் கதிர்வீச்சு பாய்ந்தது. அவர்களில் குறைந்தது மூன்று பேர் அதனாலேயே இறந்தார்கள். 1986 மார்ச்சில் டெக்ஸஸ் மாநிலம் டைலர் என்கிற ஊரில் ஒரு நோயாளியை மெஷின் சுட்டபோது, வெளியே உட்கார்ந்திருந்த ஆபரேட்டரின் திரையில் எரர் வந்தது. யாரும் மறைக்கவில்லை. 'மால்ஃபங்ஷன் 54.' அதற்கு என்ன அர்த்தம் என்று ஆஸ்பத்திரியிலிருந்த கையேட்டில் விளக்கம் இல்லை. இந்த மாதிரி நம்பர்கள் அந்த மெஷினில் அடிக்கடி வந்து போகும். வந்தால் 'பி' பட்டனை அமுக்கி மேலே போவது வழக்கம். ஆபரேட்டர் அமுக்கினார். மெஷின் இரண்டாம் தடவையும் சுட்டது.

தெரியாத பாஷையில் உண்மை சொல்வதும் ஒரு மறைப்புதான். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் இங்கிலீஷில் நாலு பக்கம் நீட்டிக் கையெழுத்து வாங்குகிறார்களே, அந்த ஜாதி. இதைப் பற்றி நம் சுப்ரீம் கோர்ட்டே 2008-ல் சமீரா கோஹ்லி வழக்கில் யோசித்திருக்கிறது. ஒரு நோயாளிக்கு எவ்வளவு சொல்ல வேண்டும்? லட்சத்தில் ஒன்றாக வரக்கூடிய ஆபத்தையெல்லாம் பட்டியல் போட வேண்டியதில்லை. வைத்தியத்துக்கு ஒப்புக்கொள்ளலாமா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யத் தேவையான அளவுக்குச் சொல்ல வேண்டும். அளவுகோல் டாக்டரின் அறிவு அல்ல, நோயாளி எடுக்க வேண்டிய முடிவு. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. எரர் மெஸேஜ் எழுதுகிறவர்கள் யாரும் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு படிப்பதில்லை, படிக்கலாம்.

போன வருஷம் ஒரு தளத்தில் டிக்கெட் வாங்கப் போனேன். பணம் கட்டினேன். சக்கரம் சுற்றியது. 'ஊப்ஸ்!' அதே ரோபோ. எனக்கு அந்த நிமிஷம் அவர்களுடைய ஸர்வரின் உள்விவகாரம் எதுவும் வேண்டாம். தெரிய வேண்டியது ஒன்றுதான். பணம் போயிற்றா, போகவில்லையா? மறுபடி கட்டலாமா, கட்டினால் இரண்டு தடவை போகுமா? ரோபோ சிரித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "இந்த பொம்மைக்குச் செலவு பண்ணின காசுல ஒரு வரி எழுதியிருக்கலாமே" என்றாள். அந்த ஒரு வரிதான் விஷயமே.

ரிசர்வ் வங்கிக்கு இது புரிந்திருக்கிறது. 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி சர்க்குலர்படி, ஏ.டி.எம்.மில் கணக்கிலிருந்து பணம் கழிந்து கையில் வரவில்லை என்றால், ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. அதுவும் வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்வரை காத்திராமல் பாங்கே கொடுக்க வேண்டும். உள்ளே எந்த ஒயர் அறுந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அறுந்த ஒயரின் செலவு கியூவில் நின்றவர் தலையில் விழக்கூடாது.

அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் இங்கிலாந்தின் தபால் துறை, சமீப கால பிரிட்டனின் மிகப் பெரிய நீதித் தவறுகளில் ஒன்றைச் செய்தது.

அங்கே கிராமத்துத் தபால் ஆபீஸ்களைப் பெரும்பாலும் தனி நபர்கள், கடையோடு கடையாக, ஒப்பந்தத்தில் நடத்துகிறார்கள். 1999-லிருந்து அவர்கள் கணக்கு எழுத 'ஹொரைஸன்' என்கிற ஸாஃப்ட்வேரைக் கொடுத்தார்கள். ஃபுஜிட்ஸு கம்பெனி தயாரிப்பு. கொஞ்ச நாளில் சாயங்காலம் கணக்குப் பார்த்தால் பணம் குறைய ஆரம்பித்தது. இருநூறு பவுண்டு, இரண்டாயிரம் பவுண்டு, சில இடங்களில் பதினாயிரக்கணக்கில். ஒப்பந்தப்படி குறைகிற பணத்தை நடத்துகிறவர் கைவிட்டுக் கட்ட வேண்டும். கட்டினார்கள். வீட்டை அடமானம் வைத்துக் கட்டினார்கள். ஹெல்ப்லைனுக்குப் போன் செய்தவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது, வேறு யாருக்கும் இல்லை.

வேறு பலருக்கும் வந்துகொண்டிருந்தது. தெரிந்த பிழைகளைக் குறித்து வைக்கிற ஒரு பதிவேட்டை ஃபுஜிட்ஸு பராமரித்து வந்தது. தபால் ஆபீஸ் நடத்துகிறவர்களுக்கு அது காட்டப்படவில்லை. போதாக்குறைக்கு, கம்பெனி ஆட்கள் தூரத்தில் உட்கார்ந்துகொண்டே ஒரு கிளையின் கணக்கில் கை வைக்க முடியும். அப்படி முடியவே முடியாது என்று தபால் துறை வருஷக்கணக்கில் சாதித்தது.

1999-க்கும் 2015-க்கும் இடையில் 900 பேருக்கு மேல் திருட்டு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். பெரும்பாலான வழக்குகளைப் போட்டது தபால் துறையேதான். வெஸ்ட் பைஃப்லீட் என்ற ஊரில் தபால் ஆபீஸ் நடத்திய சீமா மிஸ்ரா என்கிற இந்திய வம்சாவளிப் பெண்ணுக்கு 2010 நவம்பரில் 15 மாதச் சிறை. அப்போது அவர் கர்ப்பிணி. அன்றைக்கு அவருடைய மூத்த பையனுக்குப் பத்தாவது பிறந்தநாள். 2021 ஏப்ரலில்தான் அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. 2024-ல் பார்லிமென்ட் தனிச் சட்டமே போட்டு, மிச்சம் இருந்த நூற்றுக்கணக்கானவர்களின் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது. 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கை, குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்கிறது.

ஹொரைஸன்காரர்கள் செய்ததும் மாகறல் பையன் அன்று காலை செய்ததும் டெக்னிக்கலாகப் பார்த்தால் ஒரே காரியம். உள்ளே எழுதி வை, வெளியே காட்டாதே. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே போடுவது?

ஜெர்மன் தத்துவஞானி கான்ட்டைக் கேட்டால் கோடே கிடையாது என்பார். கொலைகாரன் கதவைத் தட்டி, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-ல் ஒரு கட்டுரை எழுதினவர். வீட்டில் யாரும் ஒளிந்திருக்காதபோது எழுதியிருப்பார். வள்ளுவர் நம்மவர், லௌகீகம் தெரிந்தவர். வாய்மை என்றால் நடந்ததை நடந்தபடி ஒப்பிப்பது என்று அவர் சொல்லவில்லை. பிறருக்குத் தீங்கு வராமல் சொல்வது என்கிறார். குற்றமில்லாத நன்மை வருமானால் பொய்கூட அதன் இடத்தில் உட்காரலாம் என்று இன்னும் ஒரு படி போகிறார். இதை நம் ஊரில் ஆளாளுக்குத் தங்கள் வசதிக்கு மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் நிபந்தனையைக் கவனியுங்கள். யாருக்கு வருகிற நன்மை? பாங்க் தளம் மழுப்பும்போது நன்மை கணக்கு வைத்திருப்பவருக்கு. ஹொரைஸனில் நன்மை ஹொரைஸனின் பெயருக்கு. தீங்கு கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவருக்கு. வள்ளுவரின் பரீட்சையில் முதலாவது பாஸ். இரண்டாவது நுழைவதற்கே தகுதி இல்லை.

திருடனிடம் சொல்லாமல் இருப்பதும் நஷ்டப்படுகிறவரிடம் சொல்லாமல் இருப்பதும் புரோகிராமில் ஒரே ஸ்விட்ச். கஷ்டமே அதுதான். வெளியே நிற்கிற எல்லாரையும் கம்ப்யூட்டர் 'யூஸர்' என்கிற ஒரே பெயரில் கூப்பிடுகிறது. யூஸர் திருடனாகவும் இருக்கலாம், பெண் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கிறவராகவும் இருக்கலாம். அதனால் இருவருக்கும் ஒரே வாசகம்தான் காட்ட முடியும். அது திருடனுக்கு உபயோகப்படாமல், மற்றவருக்கு உபயோகப்பட வேண்டும். இது முடியாத காரியம் ஒன்றும் இல்லை. சோம்பல்படாமல் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

பட்டுக் கடைத் தளத்தில் இப்போது என்ன வருகிறது என்று விசாரித்தேன். வெள்ளைப் பக்கம் போய்விட்டது. 'எங்கள் பக்கம் ஒரு கோளாறு. உங்கள் ஆர்டர் பதிவாகவில்லை, பணம் எடுக்கப்படவில்லை' என்று தமிழில். பணம் போன பிறகு விழுந்தால் அதற்கு வேறு வாசகம். கீழே ஓர் ஆறு இலக்க எண், கடையின் போன் நம்பர். போன் செய்து எண்ணைச் சொன்னால், பையன் தன் பக்கத்து லாகில் அதே எண்ணைத் தேடி என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். திருடனுக்கு அந்த ஆறு இலக்கத்தில் ஒன்றும் கிடைக்காது. 'எங்கள் பக்கம்' என்கிற வார்த்தைக்கு முதலாளி லேசாக ஆட்சேபித்தாராம். கடைக்குக் கெட்ட பெயராம். பையன் எடுக்கவில்லை.

டைரி எழுதுவதில் இன்னொரு தொல்லை. எழுதுகிறவர் கம்ப்யூட்டர், படிக்கிறவர் யார்? நம் அரசாங்கத்தின் ஸெர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டது. அத்துமீறல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்கு ஃபைல்களை 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நல்ல உத்தரவு. தினம் காலையில் காபிக்குப் பிறகு ஒருவர் உட்கார்ந்து அதைப் படிப்பதற்கு உத்தரவு போடுவது கஷ்டம். பல கம்பெனிகளில் லாக் ஃபைல் என்பது, டிஸ்க் நிறைந்து ஸர்வர் நின்றுபோகும் அன்றைக்குத்தான் யார் கண்ணிலாவது படும்.

இங்கிலாந்தில் கடைசியில் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது எந்த லாக் ஃபைலும் இல்லை. 2009 மே மாதம் 'கம்ப்யூட்டர் வீக்லி' பத்திரிகை ஏழு தபால் ஆபீஸ்காரர்களின் கதையை வெளியிட்டது. அதே வருஷம் நவம்பரில், வேல்ஸில் தபால் ஆபீஸ் நடத்திப் பறிகொடுத்த ஆலன் பேட்ஸ் என்பவர் ஒரு கூட்டம் கூட்டினார். நாட்டின் நடுவாக, எல்லாரும் வந்து சேர வசதியாக, ஃபென்னி காம்ப்டன் என்கிற கிராமத்தின் பொதுக்கூடத்தில். வந்தவர்கள் சில டஜன் பேர். ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்தது கிடையாது. அவரவர் ஊரில் கள்ளப் பட்டம் கட்டிக்கொண்டு, ஒருவேளை நாம்தான் எங்கேயோ தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று ராத்திரியெல்லாம் ரசீதுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர்கள். நாற்காலிகளில் உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.